அந்தப் பிரதி என் கடையில்தான் இருந்தது

குவைத்தில் ஒரு பெண் காவலில் கிடந்த நாட்களில், அவள் இன்னார் என்று காட்டக்கூடிய காகிதம் புதுச்சேரியில் என் கடை அலமாரியில் இருந்தது. பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸ். அவள் அம்மா தேடி வந்து கேட்டாள். இல்லை என்று சொல்லி அனுப்பினேன். மறந்துபோய்ச் சொல்லவில்லை. எந்த ஃபைலில், எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரிந்தே சொன்னேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் சட்டத்தைப் பற்றியும் அந்தக் காலத்துக் கஷ்டங்களைப் பற்றியும் எழுதப்போகிறேன். அவற்றை என் தப்புக்குச் சமாதானமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மிஷன் வீதியை ஒட்டிய சந்தில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். தொடங்கியபோது ஒரு பழைய ரெமிங்டன் மிஷின்; பிறகு கம்ப்யூட்டர், ஜெராக்ஸ். வாரிசுச் சான்றிதழ், முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, நீக்குவது, பாஸ்போர்ட் என்று எல்லா மனுவும் எழுதித் தருவேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், தெரிந்தாலும் ஆபீஸ் பாஷை தெரியாதவர்கள்தான் என்னிடம் வருவார்கள். நான் அடித்துக் கொடுப்பதை அவர்கள் படித்துப் பார்ப்பதில்லை. "நீ பார்த்துக்கக்கா" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

எங்கள் ஊரில் பிறந்த தேதிக்கும் பிறந்த இடத்துக்கும் இருக்கும் மதிப்பை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். பிரெஞ்சு ஆட்சி போய் இந்தியாவோடு சேர்ந்தபோது 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தது. இங்கேயே பிறந்து இங்கேயே வசித்தவர்கள் இந்தியர்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தாத்தா அன்றைக்கு எழுதிக் கொடுத்தாரா, அவர் பிறந்தது பிரெஞ்சு எல்லைக்குள்ளா, நாலு தெரு தள்ளி இங்கிலீஷ்காரன் எல்லையிலா என்பதை வைத்துத்தான் பேரன் இன்று பாரிசில் இருக்கிறானா, முத்தியால்பேட்டையில் இருக்கிறானா என்பது தீர்மானமாகியிருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்புப் பதிவேட்டில் ஒரு எழுத்து மாறியிருந்ததற்காக வருஷக்கணக்கில் நடந்தவர்களுக்கு நான் மனு அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு தேதி ஒரு ஆளை என்ன செய்யும் என்று தெரியாமல் நான் எதையும் செய்துவிடவில்லை. இந்த ஊரில் அதை நன்றாகத் தெரிந்தவர்களில் நானும் ஒருத்தி.

2011 டிசம்பர் 30-ம் தேதி காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. மரம் விழாத தெரு இல்லை. குப்பங்களில் கூரை போனது, வலை போனது, கட்டுமரமும் படகும் உடைந்தன. அடுத்த சில மாதங்களில் என் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் நிவாரண மனுவுக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே ஏஜென்ட்டுகளும் வந்தார்கள். வட்டிக்கு வாங்கிய வீட்டில் வயதுப் பெண் இருந்தால், "குவைத்துல வீட்டு வேலை, சாப்பாடு தங்கற எடம் எல்லாம் ஃப்ரீ, ரெண்டு வருஷத்துல கடன் அடஞ்சிடும்" என்று பேசி முடித்துவிடுவார்கள்.

அதில் ஒரு சிக்கல் உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்கு, வெளிநாட்டு வேலைக்குப் போகுமுன் அனுமதி வாங்க வேண்டும் என்ற குறிப்போடுதான் பாஸ்போர்ட் கிடைக்கும். 1983-ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி அந்த அனுமதியைக் குடிபெயர்வோர் பாதுகாவலர் தர வேண்டும். வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு முப்பது வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் விதி. சின்ன வயதுப் பெண்கள் அங்கே பட்ட பாட்டைப் பார்த்துப் போட்ட விதி அது. இந்த மாதிரி வயதுக் கட்டுப்பாடு பெண்களைக் கள்ள வழியில் தள்ளுகிறது என்று எழுதுபவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் கள்ள வழி தானாக உண்டாவதில்லை. அதற்கு விண்ணப்பம் அடிக்க ஒரு ஆள் வேண்டும், முத்திரை குத்த ஒரு ஆள் வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. 1990-ல் பிறந்தவள். எட்டாவது வரை படித்தவள். அந்தக் காலத்து பாஸ்போர்ட் விதியில் 1989 ஜனவரி 26-ம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம். அதற்கு முன் பிறந்தவர், படிக்காதவர் என்றால் பிறந்த தேதியைச் சொல்லி நோட்டரி முன்னால் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும். ஆகவே அவளை முப்பத்தொரு வயதாக்க இரண்டு பொய் தேவைப்பட்டது: 1981-ல் பிறந்தாள் என்று ஒன்று, பள்ளிக்கூடமே போகாதவள் என்று ஒன்று. இரண்டையும் நான் அடித்தேன். ஏஜென்ட் வழக்கமான கூலிக்கு மேலே ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். அவள் ஒருத்திக்கு மட்டும் அப்படிச் செய்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

ஸ்டாம்ப் பேடை நகர்த்தி வைத்தபோது அவள் பேனாவுக்காகக் கையை நீட்டினாள்.

"எனக்குக் கையெழுத்து போட வரும்மா. ஸ்கூல்ல போட்டிருக்கேன்."

ஏஜென்ட் சிரித்துக்கொண்டு, "இதுல கைநாட்டுதாம்மா வெக்கணும், ரூலு" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். இடது கட்டை விரலை அவளே ஊதா மையில் ஒற்றி, நான் காட்டிய இடத்தில் வைத்தாள். அழுத்தி வைத்ததில் ரேகை கலங்கிவிட்டது. இன்னொரு தாள் எடுத்து மறுபடியும் வைக்கச் சொன்னேன். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு நான் படித்துக் காட்டவில்லை. "மேற்கண்டவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டு, நான் புரிந்துகொண்டேன்" என்று கடைசி வரியில் அடித்திருந்தேன்.

நோட்டரி முத்திரை சாயங்காலம் வந்து சேர்ந்தது. பாஸ்போர்ட் வந்த பிறகு விசாவுக்காக ஏஜென்ட் அதை என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுத்தார். பின்னால் பணத் தகராறு வந்தால் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி எடுத்து வைக்கிற பழக்கம் எனக்கு. பிரமாணப் பத்திரத்தின் நகலோடு சேர்த்து அதையும் ஒரே ஃபைலில் போட்டேன்.

2013 ஜனவரியில் ஒரு காலை பேப்பரில் ரிசானா நபீக்கின் படம் வந்தது. இலங்கையில் திருகோணமலைப் பக்கம் மூதூர்க்காரி. விறகு வெட்டிப் பிழைத்த குடும்பம். வீட்டு வேலைக்கு என்று 2005 மே மாதத்தில் சவூதி அரேபியாவுக்குப் போனவள். போன சில வாரத்திலேயே, அவள் பொறுப்பில் விட்டுப்போன நாலு மாதக் குழந்தை இறந்துவிட்டது. புட்டிப்பால் கொடுக்கும்போது புரையேறிவிட்டது என்றாள் அவள். கொலை என்றது வழக்கு. முதல் விசாரணையில் அவளுக்கு வக்கீல் இல்லை. அவள் தமிழில் சொன்னதை மொழிபெயர்த்தவருக்கு அதற்கான தகுதியே இல்லை என்று பிறகு புகார் எழுந்தது. 2007 ஜூனில் தவாத்மி நகரத்து நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்தது. அப்பீலுக்கான செலவை ஹாங்காங்கில் இருந்த ஆசிய மனித உரிமை ஆணையம் திரட்டிப் பார்த்தது. 2013 ஜனவரி 9-ம் தேதி அவள் தலையை வெட்டினார்கள்.

பிறப்புச் சான்றிதழில் அவள் பிறந்தது 1988 பிப்ரவரி 4. பாஸ்போர்ட்டில் 1982 பிப்ரவரி 2. குழந்தை இறந்த அன்று அவளுக்கு நிஜத்தில் பதினேழு வயது. பதினெட்டு நிரம்பாதவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்ற சர்வதேச உடன்படிக்கையில் சவூதியும் சேர்ந்திருந்தது. நீதிமன்றம் எடுத்துக்கொண்டது பாஸ்போர்ட்டில் இருந்த வயதை. இலங்கையில் யாரோ ஒருவர் ஆறு வருஷத்தைக் கூட்டி எழுதியிருக்கிறார். அவரும் என்னைப் போல ஒரு கூலி வாங்கியிருப்பார். அந்த ஆறு வருஷம் கடைசியில் அவள் கழுத்துக்கு வந்து சேர்ந்தது.

நான் எழுதியது ஒன்பது வருஷம். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கடையைத் திறந்தேன். அன்றைக்கே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒழுங்காகச் சம்பளம் வருகிறதா, பேசுகிறாளா என்று கேட்டிருக்கலாம். அங்கே ஒரு சிக்கல் என்றால் இந்த நம்பரில் தூதரகத்தைக் கூப்பிடச் சொல்லுங்கள் என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கலாம். எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: இனிமேல் அந்த ஏஜென்ட்டின் வேலையை எடுக்கக் கூடாது. என்னைக் காப்பாற்றிக்கொள்கிற யோசனை அது. அதை ஒரு நல்ல முடிவு என்று அப்போது நம்பினேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் அவள் அம்மா கடைக்கு வந்தாள். மழைத் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிரித்து, உள்ளேயிருந்து ரேஷன் கார்டையும் மகளின் போட்டோவையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். மகள் வேலை செய்த வீட்டில் பல மாதமாகச் சம்பளம் இல்லை, போனைப் பிடுங்கிக்கொண்டார்கள், அடி தாங்காமல் வெளியே ஓடிவந்துவிட்டாள், போலீஸ் பிடித்து வைத்திருக்கிறார்கள். கூட இருக்கிற சிலோன் பெண் ஒருத்தியின் போனில் ஒரே ஒரு தடவை பேசினாள். இந்தியத் தூதரகத்து ஆட்கள் வருகிறார்களாம், பாஸ்போர்ட் நம்பர் கேட்கிறார்களாம். ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்.

"நம்பர் தெரிஞ்சா அவுட்பாஸ் குடுத்துடுவாங்களாம்க்கா. உங்க கடையிலதான ஜெராக்ஸ் போட்டது. ஒண்ணு இருக்கா பாருங்கக்கா."

நான் எழுந்து அலமாரிப் பக்கம் போய், தேடுவது போல இரண்டு ஃபைலைப் புரட்டினேன். மூன்றாவதைத் தொடவில்லை. "அப்பவே ஏஜென்ட் எல்லாத்தையும் வாங்கிட்டுப் போயிட்டாரும்மா" என்றேன். போலீசில் புகார் கொடுக்கலாமா என்று கேட்டாள். "வயசை மாத்திப் போன கேசு. உன்னையும்தான் கேப்பாங்க. யோசிச்சுக்க" என்றேன். அவளுக்குப் பயம் வரட்டும் என்றே சொன்னேன். அவள் ஸ்டேஷனுக்குப் போனால் விசாரணை என் கடை வாசலில் வந்து நிற்கும். என் மகளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். கார்த்திகையில் அந்த அம்மா மறுபடியும் வந்து கேட்டாள். மறுபடியும் இல்லை என்றேன்.

இரண்டாம் தடவை அவள் போன பிறகு அந்த ஜெராக்ஸை வெளியே எடுத்தேன். குவைத் இந்தியத் தூதரகத்தின் முகவரியை ஒரு கவரில் டைப் அடித்தேன். அனுப்புநர் பெயர் இல்லாமல் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஏஜென்ட் பிடிபட்டு என் பெயரைச் சொன்னால், பிரதி எங்கிருந்து போனது என்று கண்டுபிடிப்பது கஷ்டமா என்று யோசித்தேன். கவரையும் ஜெராக்ஸையும் பத்திரத்தையும் கிழித்து, வீட்டுக்கு எடுத்துப்போய் வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

கபாலா என்று சொல்கிற முறையைப் பற்றி அதற்கு முன் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். வேலைக்காரியின் குடியிருப்பு அனுமதி முதலாளியின், அவர்கள் சொல்கிறபடி கபிலின், பெயரோடு கட்டப்பட்டது. அவர் வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டால், "ஓடிப்போய்விட்டாள்" என்று அவர் ஒரு புகார் கொடுத்தால் போதும், அவள் அந்த நாட்டில் இருப்பதே குற்றம். அடித்தவர் வெளியே இருப்பார்; அடிபட்டவள் உள்ளே இருப்பாள். ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றால் பாஸ்போர்ட் வேண்டும், அது கபிலின் பீரோவில் இருக்கும். அது கிடைக்காதபோது தூதரகம் அவசரப் பயணச் சான்று ஒன்று தரும். அதைத்தான் அவுட்பாஸ் என்கிறோம். அதைக் கொடுக்க, இவள் இந்தியக் குடிமகள்தான் என்று தூதரகத்துக்கு உறுதியாக வேண்டும். பாஸ்போர்ட் நம்பர் இருந்தால் அது சீக்கிரம் முடிகிற காரியம். இல்லாவிட்டால் பெயர், ஊர், பிறந்த தேதியை வைத்து இங்கே விசாரித்து அங்கே பதில் போக வேண்டும்.

1963-ம் வருஷத்து வியன்னா உடன்படிக்கையின் 36-வது பிரிவு, வெளிநாட்டில் கைதாகிறவர் தன் நாட்டுத் தூதரகத்தோடு பேசலாம், தூதரக அதிகாரி அவரைச் சிறையில் போய்ப் பார்க்கலாம், வக்கீல் ஏற்பாடு செய்யலாம் என்கிறது. 2010-ல் ஐக்கிய நாடுகள் சபை பெண் கைதிகளுக்கென்றே பாங்காக் விதிகளை ஏற்றுக்கொண்டது. மொத்தம் 70 விதிகள். வீட்டுக்கு வெகு தூரத்தில் அடைபட்டிருக்கிற பெண்களுக்கு அந்தத் தூரத்தால் வருகிற நஷ்டத்தை ஈடுசெய்ய ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 26-வது விதி சொல்கிறது. இதையெல்லாம் நான் பின்னால் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு உறுத்தியது வேறொன்று. அந்தப் பெண்ணின் விஷயத்தில் தூதரகத்திலிருந்து ஆள் வந்திருந்தார். 36-வது பிரிவு சொன்னது ஓரளவுக்கு நடந்திருந்தது. அவர் கேட்ட கேள்விக்குப் பதில்தான் அவளிடம் இல்லை.

மாசி மகத்துக்குச் சாமிகளெல்லாம் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்துபோன பிறகுதான் அவள் ஊர் வந்து சேர்ந்தாள். அங்கே இருந்த தமிழர் ஒருவர் அலைந்து திரிந்து அவளுடைய விசா நகலைக் கண்டுபிடித்திருக்கிறார். அதில் நம்பர் இருந்தது. அம்மா என்னிடம் முதல் தடவை கேட்ட நாளுக்கும் அதற்கும் நடுவே ஒரு தீபாவளி, ஒரு பொங்கல்.

வந்த சில வாரத்தில் ஆதார் எடுக்க விண்ணப்பம் வாங்க வந்தவள், கடை பெஞ்சில் உட்கார்ந்து தானாகவே சொன்னாள். நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு பெரிய கூடம். பிலிப்பைன்ஸ், எத்தியோப்பியா, நேபாளம், இலங்கை என்று எல்லா நாட்டுப் பெண்களும். ஏசி எப்போதும் ஓடும். போர்த்திக்கொள்ள ஒன்றும் இல்லாதவர்கள் இரண்டு பேர் மூன்று பேராக ஒட்டிப் படுப்பார்கள். ஜன்னல் இல்லாததால் வெளிச்சத்தை வைத்துப் பொழுது தெரியாது. தொழுகை அழைப்பை எண்ணித்தான் காலையா மாலையா என்று கணக்கு வைத்துக்கொள்வாளாம். தூரத்துக்குத் துணிதான், அதைத் துவைத்து மற்றவர்கள் கண்ணில் படாமல் காயப்போட இடம் இல்லை. மட்டக்களப்புப் பெண் ஒருத்தி தன் பையிலிருந்து ஒரு தாவணியைக் கிழித்துக் கொடுத்தாளாம். வாரத்தில் சில நாள் அதிகாரிகள் வந்து பெயர்ப் பட்டியல் வாசிப்பார்கள். வாசிக்கப்பட்டவர்கள் ஊருக்குப் போகிறவர்கள். அரபியில் வாசிக்கும்போது பெயர்கள் வேறு மாதிரி ஒலிக்கும் என்பதால், தன் பெயரைப் போல எது கேட்டாலும் எழுந்து நிற்பாளாம்.

"பாஸ்போர்ட் நம்பர் கேட்டாங்கம்மா. நான் எங்க அதப் பாத்தேன், ஏர்போர்ட்ல கையில குடுத்தாங்க, எறங்கினதும் புடுங்கிட்டாங்க. பொறந்த வருஷம் சொல்லுன்னாங்க. தொண்ணூறுன்னு சொன்னேன். அப்புறம்தான் வேற வருஷம் போட்டிருக்குன்னு ஞாபகம் வந்துச்சு. எந்த வருஷம்னு தெரியல. எழுவத்தெட்டுன்னு சொன்னேன். பொய் சொல்றேன்னு நெனச்சிட்டாங்க."

நான் கொடுத்த பிறந்த வருஷம் அவளுக்குத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டவில்லையே. அவள் சொன்ன இரண்டு வருஷத்தில் எதை வைத்துத் தேடினாலும் அவளுடைய பாஸ்போர்ட் அகப்பட்டிருக்காது. அம்மா இங்கிருந்து கொடுத்த ரேஷன் கார்டில் மூன்றாவதாக ஒரு வயது. இதையெல்லாம் அவள் சொல்லும்போது அவளுக்கு நான் டீ வரவழைத்துக் கொடுத்தேன். ஆதார் விண்ணப்பத்துக்குக் கூலி வாங்கவில்லை. என்னால் ஆனது அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவள் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகிற வழியில் தில்லையாடி இருக்கிறது. அங்கே வள்ளியம்மைக்கு நினைவு மண்டபம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1913-ல் காந்தியோடு சத்தியாக்கிரகம் செய்து, மரிட்ஸ்பர்க் சிறையில் கடுங்காவலில் இருந்து, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் பதினாறு வயதில் இறந்துபோன பெண். பள்ளிப் பிள்ளைகளின் பேச்சுப் போட்டிக்காக வருஷா வருஷம் அவளைப் பற்றி நான் கட்டுரை அடித்துக் கொடுத்திருக்கிறேன். அடிக்கும்போது எனக்குக் கண் கலங்கும். அவளோடு உள்ளே இருந்த தமிழ்ப் பெண்கள் எதற்காகச் சிறைக்குப் போகிறோம் என்று தெரிந்து போனவர்கள். அவர்கள் பெயரைக் காந்தி எழுதி வைத்தார். அந்தச் சிறைக்காக அழ முடிந்த என்னால், கும்பிட்டுக் கேட்ட ஒரு அம்மாவுக்கு ஒரு தாளை எடுத்துக் கொடுக்க முடியவில்லை.

கேரளத்து நர்ஸ் நிமிஷா பிரியாவின் செய்தி வந்தபோதெல்லாம் விடாமல் படித்தேன். ஏமனில் 2017-ல் நடந்த ஒரு கொலை வழக்கில் மரண தண்டனை பெற்று சனா சிறையில் இருப்பவர். இந்தியர்கள் ஏமன் போக அரசு தடை போட்டிருந்ததால், அவருடைய தாய் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய் அனுமதி வாங்கி, 2024 ஏப்ரலில் மகளைச் சிறையில் போய்ப் பார்த்தார். பதினோரு வருஷம் கழித்து அன்றுதான் பார்த்தார். 2025 ஜூலை 16-ல் நிறைவேற்றுவதாக இருந்த தண்டனை தள்ளிவைக்கப்பட்டது. அந்த வழக்கின் நியாய அநியாயம் பேச எனக்குத் தகுதி இல்லை. அந்தத் தாய் விமான நிலையத்தில் நிற்கிற படத்தைப் பார்த்தபோது, என் மேஜைமேல் ஈரமான ரேஷன் கார்டை வைத்தவளின் கை ஞாபகம் வந்தது. அவள் கடல் தாண்டிப் போக வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது ஃபைல் வரைக்கும் வந்தால் போதுமாயிருந்தது.

அந்த அம்மா 2019-ல் இறந்துவிட்டாள். நான் சொல்லவில்லை. அவள் உயிரோடு இருந்த அத்தனை வருஷமும் என் கடை வழியாகத்தான் மார்க்கெட்டுக்குப் போவாள். பார்த்தால் நின்று நலம் விசாரிப்பாள்.

2025-ல் அவள் மகள் மறுபடியும் கடைக்கு வந்தாள். பழைய பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது. புதிதாக எடுக்க வேண்டும். ஆதாரில் 1990, பழைய பாஸ்போர்ட்டில் 1981. இரண்டும் ஒத்துப்போகாமல் விண்ணப்பம் நிற்கிறது. எதற்கு பாஸ்போர்ட் என்று கேட்டேன். திரும்பவும் வேலைக்குப் போகப் போகிறாள். நான் பதறிவிட்டேன். அவள் பதறவில்லை. இந்தத் தடவை அரசாங்க ஏஜென்சி வழியாக, ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து, சொந்த வயதில் போகிறாள். அவளுக்கு முப்பத்தைந்து ஆகிவிட்டது. பிள்ளைகள் இரண்டு பேர் படிக்கிறார்கள். போகாதே என்று சொல்ல நான் யார்?

அன்றைக்குத்தான் சொன்னேன். பத்திரம் அடித்தது அவளுக்குத் தெரியும். ஏஜென்ட் சொன்னபடி நான் அடித்தேன், எனக்கு விவரம் தெரியாது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். ஜெராக்ஸ் இருந்ததைச் சொன்னேன். கிழித்துப் போட்டதைச் சொன்னேன்.

"அம்மா எத்தினி வாட்டி வந்துச்சு?"

"ரெண்டு தடவை."

"ரெண்டு வாட்டியும் இல்லன்னா சொன்ன?"

"ஆமாம்."

"அது சாவற வரைக்கும், டைப் கடைக்காரம்மா எவ்ளோ தேடிச்சு தெரியுமான்னு சொல்லிக்கினு இருந்துச்சு. அது கிட்ட சொல்லியிருக்கணும் நீ. என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டுக்கு என்ன வழி என்று மட்டும் கேட்டாள்.

வழி இருக்கிறது, கொஞ்சம் நீளம். நகராட்சிப் பதிவேட்டிலிருந்து அவளுடைய பிறப்புச் சான்றிதழை வாங்கியாகிவிட்டது. எட்டாம் வகுப்பு டி.சி. இருக்கிறது. 1981 என்று எப்படி வந்தது என்பதை விளக்கி ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். ஒன்பது வருஷ வித்தியாசத்தைச் சும்மா திருத்தித் தர மாட்டார்கள். பாஸ்போர்ட் சட்டம் 1967, பிரிவு 12, பொய்த் தகவல் கொடுத்தவர்களுக்கு இரண்டு வருஷம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. கைநாட்டு அவளுடையது, ஆகவே கேள்வி முதலில் அவளிடம் வரும். வக்கீலைப் போய்ப் பார்த்தோம். "ஏஜென்ட் ஏமாத்திட்டாருன்னு எழுதிடலாம், உங்க பேரு எதுக்கு" என்றார். ஏஜென்ட் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. பேனாவைக் கேட்டவளுக்கு மைப்பெட்டியை நகர்த்தி வைத்தது நான். பத்திரத்தைப் படித்துக் காட்டாமல் படித்துக் காட்டியதாக அடித்தது நான். அதைச் சொல்ல வேறு சாட்சி இல்லை.

இரண்டாவது பிரமாணப் பத்திரம் ஒன்றை என் பெயரில் அடித்திருக்கிறேன். கடை முகவரியும் போட்டிருக்கிறேன். என் மகளும் மருமகனும் வேண்டாம் என்கிறார்கள். எனக்கும் பயம் போய்விடவில்லை. அடிக்கும்போது இரண்டு இடத்தில் பிழை வந்து திருத்தினேன். வருகிற திங்கட்கிழமை அவளும் நானும் நோட்டரியிடம் போகிறோம். போவதற்கு முன் இரண்டு பத்திரத்தையும் முதலிலிருந்து கடைசி வரை நான் சத்தமாகப் படிக்க வேண்டும், தான் கையில் ஒரு நகலை வைத்துக்கொண்டு சரிபார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறாள்.